திருப்பி எடுத்து வந்த மாம்பழப் பெட்டி

ரெனான்
சுவிற்சர்லாந்து
ஞாயிற்றுக்கிழமை, 14 செப்டம்பர் 2025

அன்பு மகள் கோபிஷாவுக்கு,

நான் லோசான் ஆஸ்பத்திரிப் பேராசிரியருக்கு மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்து உனக்கு வேலை கேட்டேன் என்று இங்கே கதைக்கிறார்கள். அது பொய். நான் மாம்பழம் கொண்டுபோகவில்லை. அங்கே கிடந்த மாம்பழத்தைத் திருப்பி எடுத்து வந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரெனானில் ஒருவருக்கும் விளங்குவதாகத் தெரியவில்லை. நீயாவது விளங்கிக்கொள்ள வேண்டும்.

சித்தப்பாவின் மகன் பிருந்தாபன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தை நீ பார்த்தாய் என்று தெரியும். வெள்ளைக் கோட்டு அணிந்த மாம்பழம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கீழே "பெரியம்மாவின் சிபாரிசு". வங்கியில் வேலை செய்கிற ஆம்பிளைக்கு இதற்கும் நேரம் இருக்கிறது. எல்லோரும் சிரித்த முகங்களை அனுப்பினார்கள். நீ ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டுப் போனாய். அதற்குப் பிறகு என் அழைப்பு ஒன்றையும் எடுக்கவில்லை. "வேலை அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று ஒரே ஒரு செய்தி வந்தது. அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. ஆகவே தாளும் பேனையும் எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கூடினால் மேசையில் போட்டுவைக்கலாம். அப்போதும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். போன மாதக் கடைசியில் ஒரு காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. லோசான் ஆஸ்பத்திரி, மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவு என்றாள் ஒரு பெண். உனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். நீ கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், பால்டிமோரில் இருக்கிறாய், உன்னைப் பற்றி லோசான் ஏன் எனக்குச் சொல்லப்போகிறது என்று யோசிக்கும் புத்தி அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளோ மிகவும் மரியாதையாக, பேராசிரியரின் பெயருக்கு உங்கள் குடும்பத்திலிருந்து ஒரு பெட்டி பழம் வந்திருக்கிறது, வேலை கேட்பவர்களிடமிருந்து ஒரு பூவைக்கூட வாங்குவதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை, யாராவது வந்து எடுத்துக்கொண்டு போனால் நல்லது, வாசனை நடைபாதை முழுக்கப் பரவிவிட்டது என்றாள். நீ மாணவியாக அங்கே பயின்றபோது கொடுத்த வீட்டு இலக்கத்தைத் தேடி எடுத்திருக்கிறாள்.

சாம்பல் நிறச் சேலையை உடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மெத்ரோவில் ஃப்ளோன் வரை போய், அங்கே மாறி, மேலே ஏறினேன். பெட்டியைப் பார்த்ததும் யாருடைய வேலை என்று விளங்கிவிட்டது. மூடியில் தடித்த நீலப் பேனையால் "டாக்டர் கோபிஷாவின் குடும்பத்தார், ஒரு வேலை வேண்டி" என்று பிரெஞ்சில், இரண்டு பிழையோடு. உன் சித்தப்பா லக்ஷ்மணனின் எழுத்து. அந்த ஆஸ்பத்திரியில் நோயாளரின் கட்டில் தள்ளும் வேலையில் அவருக்குத் தெரியாத வாசல் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூட அனுமதி கேட்கப் போகிறவர்கள் அதிபர் வீட்டுக்கு வாழைக்குலையோடு போவார்கள். லக்ஷ்மணன் வாழைக்குலைக்குப் பதிலாகப் பாகிஸ்தான் மாம்பழத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கும்போது பேராசிரியரே வெளியில் வந்தார். தலையில் பச்சைத் தொப்பி, காலில் அந்த றப்பர் செருப்பு. இப்படி ஒரு மனிதர் முன்னால் நீ எப்படி நின்றிருப்பாய் என்று ஒரு கணம் யோசித்தேன். உன்னை அவருக்கு நினைவு இருக்கிறது. அதிகம் கதைக்காத மாணவி, தையல் முடிச்சு நன்றாகப் போடுவாள் என்றார். தை மாதத்திலிருந்து உதவி மருத்துவருக்கு ஒரு இடம் இருப்பதாகவும், நாலு பேர் எழுதியிருப்பதாகவும் சொன்னார். உங்கள் மகள் தன் கையால், தன் பெயரில் எனக்கு எழுதினால் ஐந்தாவது ஆளாகப் பார்ப்பேன், மற்றவர்களுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, செப்டம்பர் முடியும்வரை காத்திருப்பேன் என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. சலுகை காட்டுகிறேன் என்ற பாவனை இல்லாத மனிதர்.

பிறகு, அவள் அங்கே சுகமாக இருக்கிறாளா என்று கேட்டார்.

சாதாரணமாகக் கேட்டார், கோபிஷா. கை கழுவப் போகிற அவசரத்தில், மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. ஓம் என்று சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தபடி நின்றேன். கிழவிக்குப் பிரெஞ்சு முட்டுகிறது என்று நினைத்திருப்பார். எனக்குப் பிரெஞ்சு முட்டவில்லை. அதற்குரிய பதில் என்னிடம் எந்தப் பாஷையிலும் இருக்கவில்லை.

நடைபாதையில், அங்கே துப்புரவு வேலை செய்கிற எங்கள் ரெனான் பிரசாந்தினியின் மாமி நிலம் துடைத்துக்கொண்டு நின்றார். என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, வாங்கேல்லையோ?" என்று கேட்டார். நான் "இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த ஒரு சொல் எனக்கு முன்னால் ரெனானுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெட்டியைச் சித்தப்பா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு அவரோடு நான் கதைக்கவில்லை.

இனி உன் விடயம். நான் இங்கே ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று உனக்கு விளங்க வேண்டுமென்றால் பங்குனி மாதத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதை நான் உனக்கு அப்போது சொல்லவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பயிற்சிக்குத் தங்களுக்கு வேண்டியவர்களைப் பட்டியல் போட, நீங்கள் உங்களுக்கு வேண்டிய ஆஸ்பத்திரிகளைப் பட்டியல் போட, கணனி இரண்டையும் இணைத்து ஆளுக்கு ஒரு பதில் அனுப்பும் என்று நீ எனக்கு விளங்கப்படுத்தியிருந்தாய். உனக்கு வந்த பதிலை நீ ஒரே வரியில் சொன்னாய். "அம்மா, கிடைக்கேல்லை." நானும் சரி என்றேன். அடுத்த கிழமையே இங்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இரண்டு இரண்டு பேராக, கறுப்பு நிறத்தில் உடுத்திக்கொண்டு, பிஸ்கற் பெட்டியோடு. செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரிக் கதிரை நுனியில் இருந்தார்கள். தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா என்று நான் கேட்டபோது ஒருத்தி மற்றவளின் முகத்தைப் பார்த்தாள். சாருஜாவின் தாய் என் கையைப் பிடித்து, "பிள்ளை சாப்பிடுறாளோ அக்கா?" என்று கேட்டார். உன்னைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

நீ ஆராய்ச்சி வருடத்துக்குப் போகிறாய் என்றதும் அடுத்த சுற்று வந்தார்கள். "அது படிப்போ, வேலையோ?" "அது முடிய டாக்குத்தர் ஆகலாமோ?" "அப்ப இப்ப என்ன, டாக்குத்தர் இல்லையோ?" என் மகள் சுவிஸில் சோதனை பாஸ்பண்ணிய மருத்துவர், மூளைச் சத்திரசிகிச்சைக்குப் பெரிய இடத்தில் பயில விரும்பினாள், அடுத்த முறைக்கு ஆராய்ச்சி பலமாக இருக்கும், அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் அவளை வரச் சொல்லியிருக்கிறார், இது அவளாகத் தெரிந்தெடுத்தது, அவளுக்கு விருப்பமான வழி என்று சொன்னேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொன்னேன். அதில் எந்தப் பொய்யும் இல்லை. நீ அவருக்கு எழுதினாய், அவர் வரச் சொன்னார்.

வீட்டில் எல்லாம் வழமைபோல. யன்னல் திரைகளைக் கழற்றித் தோய்த்தேன். பிறகு அவை சரியாகக் காயவில்லை என்று திரும்பவும் தோய்த்தேன். இங்கே பொதுத் தோய்க்கும் அறை வீட்டுக்கு ஒரு நாள், இரண்டாம் தடவை நான் திறப்பை எடுத்தது எனக்குரிய நாளில் அல்ல. மேல்மாடி மதாம் ரொஷா கீழே வந்து, உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை என்றார். இத்தனை வருடத்தில் இந்தக் கட்டிடத்தில் ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அடுத்த நாள் அவரே பிளம்ஸ் பழத்தில் செய்த தட்டைக் கேக் கொண்டுவந்து தந்தார். பாதி இருக்கிறது. தனி ஆளுக்கு எவ்வளவு சாப்பிட முடியும்?

வெளியில் போனால் வீட்டில் தொலைபேசி அடிக்கிறது என்ற நினைவு. கைத்தொலைபேசி பையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், இருந்தும் அந்த நினைவு. வீட்டில் இருந்தால் வெளியில் போக வேண்டும். போன கிழமை ஒருநாள் மெத்ரோவில் ஏறி, எங்கே இறங்குவது என்று தெரியாமல் கடைசித் தரிப்பிடம்வரை போய் அதே பெட்டியில் திரும்பி வந்தேன். அப்பா இருந்தால் கேலி பண்ணியிருப்பார். அப்பா இருந்தால் நீ அவரோடு கதைத்திருப்பாய், நான் பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்திருப்பேன். நீயும் நானும் நேராகக் கதைத்துப் பழகவில்லை.

கடைசியாகக் கதைத்தபோது எலிகளின் மூளையைக் கடதாசி மாதிரி மெல்லிதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவதைப் பற்றிச் சொன்னாய். நன்றாக விளங்கப்படுத்தினாய். அங்கே உன் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வராததால் "கோபி" என்றே கூப்பிடச் சொல்லிவிட்டாயாம். மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். அதற்குத்தான் நீ லைன் சரியில்லை என்றாய்.

செவ்வாய்க்கிழமை

இந்தக் கடிதத்தை ஞாயிறு முடித்து நேற்றுப் போட்டிருக்க வேண்டும். போடாதது நல்லதாகப் போயிற்று.

நேற்றுப் பின்னேரம் உன் சித்தப்பா வந்தார். வேலை உடுப்போடு வந்து வாசலில் நின்றார். நான் இருக்கச் சொல்லவில்லை.

"உமக்கு இந்தப் புத்தியை ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"அண்ணி, அந்தாளின்ர நோயாளியளை நான் எவ்வளவு காலமாத் தள்ளுறன். ஒப்பரேசன் தியேட்டர் வாசலில என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுற மனுசன். ஒரு பெட்டி மாம்பழத்தில என்ன குறைஞ்சு போறார்?" என்றார்.

அவர் குறையவில்லை, எங்களுடைய மானம்தான் குறைந்தது என்றேன். உம்முடைய மகன் அந்தப் படத்தைப் போட்டபோது, அண்ணியல்ல, நான்தான் கொண்டுபோனேன் என்று சொல்ல உமக்கு வாய் இருக்கவில்லையா என்றும் கேட்டேன். நான் நிறுத்தவில்லை. என் பிள்ளை யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டவள் அல்ல, அவளுடைய பெயரைக் கொண்டுபோய்ப் பழப்பெட்டியில் எழுதுவதற்கு உமக்கு உரிமை யார் தந்தது என்றேன்.

சித்தப்பா எனக்கு எதிர்த்துக் கதைத்து நான் கண்டதில்லை. நேற்றுக் கண்டேன்.

"மானத்தை நீங்க வைச்சிருங்கோ அண்ணி," என்றார். "பிள்ளையை நான் பாக்கிறன். அவள்தான் என்னைக் கேட்டவள்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை, அதற்காக அவரைக் கோபிக்காதே. நீ சனிக்கிழமைகளில் அவருக்குத் தொலைபேசி எடுக்கிறாய். ஆடி மாதத்திலிருந்து எடுக்கிறாய். உங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு ஏதாவது இடம் இருக்குமா, சத்தமில்லாமல் விசாரித்துச் சொல்லுங்கள், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். சத்தமில்லாமல் விசாரிப்பது எப்படி என்று உன் சித்தப்பாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். நீ அழுததாகச் சொன்னார். "அம்மா எல்லாருக்கும் சொல்லிப்போட்டா, சித்தப்பா. நான் விரும்பித்தான் போனனான் எண்டு சொல்லிப்போட்டா. இனி நான் என்னெண்டு திரும்பி வாறது?" என்று கேட்டாயாம். அவர் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார். அவருக்கு உன் குரல் நன்றாக வருகிறது.

நான் போய்த் தண்ணீர் சுட வைத்தேன். என் கைக்கு வேறு வேலை தெரியவில்லை. அவரை இருக்கச் சொன்னேன். இருந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு, "ரெண்டு பழம் அழுகிப் போச்சு அண்ணி. மிச்சத்தை வீட்டில ஜெயந்தி ஜாம் காய்ச்சிப்போட்டா. சாதுவாப் புளிக்குது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை எழுதுவதற்குக் காரணம், நான் உடைந்துபோய் இருக்கிறேன் என்று நீ நினைக்கக்கூடாது என்பதுதான்.

அப்படியென்றால் அவள் வரப்போகிறாளா என்று கேட்டேன். "வாறன் எண்டும் சொல்லேல்லை, இருக்கிறன் எண்டும் சொல்லேல்லை. அந்தப் படத்துக்குப் பிறகு எனக்கும் எடுக்கேல்லை," என்றார். நீ கேட்டதை நான் எப்படியோ அறிந்து, மாம்பழத்தோடு பேராசிரியரிடம் போனேன் என்று நீ நினைத்திருக்கிறாய். இப்போது விளங்குகிறது. உன் இடத்தில் நான் இருந்தாலும் தொலைபேசியை எடுத்திருக்கமாட்டேன்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். என் மகளின் விருப்பத்தை நான் இன்னொருவரின் வாயால் கேட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. நீ கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை என்பது ஒரு பக்கம். கேட்கக்கூடிய ஆளாக நான் உனக்கு இருக்கவில்லை என்பது மற்றப் பக்கம். இன்று முழுக்க இந்த இரண்டையும் மாறி மாறி யோசித்தேன். இரண்டாவதுதான் கனமாக இருக்கிறது.

புதன்கிழமை

இன்று காலை தம்பித்துரை அண்ணையின் கடைக்குப் போனேன். வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. புதன்கிழமை மரக்கறி வரும், ஆட்கள் நிற்பார்கள் என்று தெரிந்துதான் போனேன். சாருஜாவின் தாய் நின்றார், பிரசாந்தினியின் மாமி நின்றார், எனக்குப் பெயர் தெரியாத இன்னும் சிலரும் நின்றார்கள். நான் உள்ளே போனதும் கதை நின்றது. தம்பித்துரை அண்ணைதான் துணிந்தார். கல்லாவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, "நல்ல மாம்பழம் வந்திருக்கு அக்கா. ஆஸ்பத்திரிக்கோ, வீட்டுக்கோ?" என்று கேட்டார். யாரோ வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

உண்மையைச் சொல்வதற்கு எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் கொண்டுபோகவில்லை, லக்ஷ்மணன் கொண்டுபோனார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் ஏன் கொண்டுபோனார் என்று கேட்பார்கள். யார் கேட்டு என்று கேட்பார்கள். அது உன்னில் வந்து முடியும்.

ஆகவே, "ஓம் அண்ணை, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனனான். அவர் எடுக்கேல்லை," என்று சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் நான் அதற்காக மட்டும் போகவில்லை. என் மகளுக்கு அமெரிக்காவில் இடம் கிடைக்கவில்லை என்றேன். அது அவளுக்குப் பெரிய துக்கம், எனக்கும் துக்கம், நான்தான் அது ஒன்றுமில்லை என்ற மாதிரி உங்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்றேன். ஒரு வருடம் ஆராய்ச்சி செய்யப் போயிருக்கிறாள், அங்கே தனியாகக் கஷ்டப்படுகிறாள், அதை முடித்து மறுபடி முயன்றாலும் முயல்வாள், பாதியில் விட்டு இங்கே வந்தாலும் வருவாள், எதைச் செய்தாலும் இனி என் வீட்டுக்கு ஒருவரும் துக்கம் விசாரிக்க வர வேண்டாம், வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். குரல் நடுங்கவில்லை. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் மேடையில் பேசப் பழக்கியது அதற்காவது உதவியது.

தம்பித்துரை அண்ணை தராசைத் துடைத்துவிட்டு, "கறிவேப்பிலை இண்டைக்குப் புதுசு அக்கா," என்றார். வாங்கிக்கொண்டேன். வாசலில் சாருஜாவின் தாய் பின்னால் வந்து என் பையின் ஒரு காதைப் பிடித்தார். தன்னுடைய மகள் சோலோதுர்னில் பார்த்த வேலையை விட்டுவிட்டு மாசி மாதத்திலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள், தாங்கள் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார். பஸ் தரிப்பிடம்வரை அந்தக் காதைப் பிடித்தபடியே வந்தார். அந்தப் பையில் கறிவேப்பிலை மட்டும்தான் இருந்தது.

இப்போது நீ யாருக்கும் முகம் கொடுக்கப் பயப்பட வேண்டிய அவசியம் இங்கே இல்லை. அதைத் துப்புரவாக்குவது என்னுடைய வேலை, செய்துவிட்டேன். மற்ற வேலை உன்னுடையது. பேராசிரியருக்கு எழுதுவதென்றால் மாதம் முடியுமுன் நீயே எழுது. நான் அங்கே மறுபடி போகமாட்டேன், சித்தப்பாவையும் போகவிடமாட்டேன். அமெரிக்காவில் மறுபடி முயல்வதென்றால் அதற்கும் இதே கிழமைகளில்தான் விண்ணப்பம் என்று நீ சொல்லியிருந்தாய், அதைச் செய். கத்தியும் வேண்டாம், எலியும் வேண்டாம், கொஞ்சக் காலம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தால் அதையும் எனக்குச் சொல்லலாம். உன் அறையில் தையல் மெசினை வைத்திருந்தேன், இன்று நகர்த்திவிட்டேன். இதை ஒரு அழைப்பாக எடுத்துக்கொள்ளாதே. மெசின் வைப்பதற்குக் கூடத்து யன்னல் பக்கம் வெளிச்சம் நல்லது.

என்னைத் தனியாக விட்டிருக்கிறாய் என்று நினைத்து ஒரு முடிவும் எடுக்காதே. அதை நான் ஏற்கமாட்டேன். எனக்குக் கோபம் வரும் என்று பயந்து ஒரு முடிவும் எடுக்காதே. கோபம் வரும், போய்விடும், அதற்கு நீ பொறுப்பில்லை. நாற்பது தாண்டி உன்னைப் பெற்றபோது டாக்குத்தர்மார் எனக்கு என்னென்னவோ சொல்லிப் பயமுறுத்தினார்கள். நான் அன்று கேட்டது உயிரோடு ஒரு பிள்ளை மட்டும்தான். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கூட்டிக் கேட்கத் தொடங்கினேன்.

கடவுள் உன் கைகளையும் உன் நித்திரையையும் காக்கட்டும். மத்தியானத்தில் யாரோடாவது இருந்து சாப்பிடு.

அடுத்த திங்கள் இங்கே விடுமுறை, தபால் இல்லை, ஆகவே இதை இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன். தொலைபேசி வேண்டாம். தொலைபேசியில் நீயும் நானும் சுகம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். தமிழில் எழுதக் களைப்பாக இருந்தால் பிரெஞ்சில் எழுது. நான் பிழை பார்க்கமாட்டேன். ஒரு பக்கம் போதும், முடிவு எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்று எழுதினாலும் போதும். உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு.

உன் அம்மா,
கஜலக்சுமி இரவீந்திரன்